சொந்தத்தில் எடுக்கும் ஜவ்வு

அன்புள்ள மச்சானுக்கு,

ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டிலிருந்து அத்தான் எழுதுவது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். உன் வீட்டில் முழங்கால் உட்பட எல்லாம் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

நீ போனை எடுக்காததால் கடிதம். லிஃப்ட் ரிப்பேர்காரனான நான், லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் மாடிப்படியில் கால் திருகி விழுந்ததும், முட்டிக்கு உள்ளே ஜவ்வு அறுந்ததும் உனக்குத் தெரியும். நடந்தால் முட்டி பாதியில் நழுவுகிறது. புது ஜவ்வு வைக்காவிட்டால் மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏற முடியாது. ஏற முடியாதவனுக்குக் கம்பெனியில் வேலை கிடையாது. டாக்டர், "ஜவ்வுக்கு வெளியில அலைய வேணாம், சொந்தத்துலயே எடுத்துக்கலாம்" என்றார். என் பின்தொடையிலிருந்து ஒரு நாரை உருவி முட்டிக்குள் வைத்துக் கட்டுவதைத்தான் சொன்னார். உன் அக்கா அதைச் சொந்தக்காரர்கள் என்று புரிந்துகொண்டு, நான் ஊன்றுகோலைத் தேடி எடுத்து வாசலுக்கு வருவதற்குள் ஒருவர் விடாமல் போன் போட்டுவிட்டாள். "கொஞ்சம் சதைப்பிடிப்பான தொடையா இருந்தா நல்லது" என்று அவளாகச் சேர்த்தும் இருக்கிறாள். பெரியப்பா, "எனக்கு சர்க்கரைம்மா, என் ஜவ்வு அவருக்கு ஒத்துக்காது" என்றாராம். சித்தி, "எங்க பரம்பரைக்கே தொடை கிடையாதேடி" என்றாளாம். உன் வீட்டுக்கு நானே பேசினேன். "அவர் வெளியூர் போயிருக்காருண்ணே" என்றாள் உன் மனைவி. பின்னாலிருந்து, "வச்சுட்டாரா?" என்று உன் குரல் கேட்டது.

உன் அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். "அப்ப உங்களுதுன்னு சொல்ல வேண்டியதுதானே, சொந்தம்னு ஏன் சொன்னாரு?" என்று இப்போது டாக்டர் மேல் கோபம்.

உன் தொடை யாருக்கும் வேண்டாம், மச்சான். இரவில் பெண்கள் இங்கே தங்கக்கூடாது. துணைக்கு ஓர் ஆண் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன். "நாளைக்கும் ஆள் வரலைன்னா உங்க எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவோம்" என்கிறார் நர்ஸ். நீ வா. பயமாக இருந்தால் தொடை தெரியாமல் பேன்ட் போட்டுக்கொண்டு வா.

பிள்ளைகளுக்கு ஆசிகள். உன் மாமியாருக்கு என் வணக்கம். குனிய முடியாததால் நிமிர்ந்தபடியே.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: இதற்குத் தபால்தலை ஒட்டவில்லை, நர்ஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன்னை நேரில் கூப்பிட வந்த அக்காவைப் பார்த்ததும் நீ பின்பக்கச் சுவரேறிக் குதித்தாயாம். கதவோரக் கட்டிலில் முனகுவது நீதான் என்று இப்போதுதான் சொன்னார்கள். உனக்கும் அறுந்தது அதே ஜவ்வாம். இனி எனக்குத் துணைக்கு வர ஆளில்லை என்று நாளை வரை காத்திராமல் என் இடத்தை உனக்குக் கொடுத்துவிட்டார்கள். உனக்குத் துணைக்கு ஆள் யாரென்று கேட்டார்கள். போட்டுவிட்டேன் கையெழுத்து.