அரை இஞ்ச் தளபதி

மதிப்பும் பாசமும் மிகுந்த அக்காவுக்குத் தம்பியின் வணக்கங்கள். நீங்களும் மாமாவும் சுகம்தானே? மாமாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் மூவரில் ஒருத்தி இந்த உலகத்துப் பெண்ணா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டதால், அவளை எந்தக் கணக்கில் சேர்த்து நலம் சொல்வது என்று புரியாமல் குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெண்ணை, உங்கள் மருமகளைத்தான் சொல்கிறேன். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "உக்காருங்க, கூப்பிடுறேன்" என்று சொல்வதைத் தவிர வேறு எதற்கும் வாயைத் திறக்காத பெண். குடும்பப் போட்டோ எடுத்தால் யாராவது முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு காதை மட்டும் காட்டுவாளே, அதே பெண்தான். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, உடற்பயிற்சிக் கூடத்தில் தரையில் போடுவார்களே, அந்த மாதிரிக் கறுப்பு விரிப்புகளைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். சரி, உடம்பைக் கவனிக்கப் போகிறாள் என்று நானும் சந்தோஷப்பட்டேன். "இல்லப்பா, இது கவசம் செய்ய" என்றாள். "என்னது?" "விண்வெளிக் கவசம்பா. ஃபோம்ல செய்யணும்." அக்கா, சோபாவுக்குள் திணிப்பதும் ஃபோம்தானே? அதைப் போட்டுக்கொண்டு எந்த மடையன் சண்டைக்குப் போவான் என்று கேட்டேன். "சண்டைக்கு இல்லப்பா, வேடப் போட்டிக்கு" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே பாதி பிடி விட்டுப்போயிற்று.

மீதிப் பாதி விட்டுப்போனது அந்த வேடம் யாருடையது என்று கேட்டபோது. ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற தளபதியாம். ஏழு நிலவுகள் உள்ள கிரகமாம். அந்தத் தளபதி தலைக்கவசத்தைக் கழற்றியதே கிடையாதாம், உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்பதே யாருக்கும் தெரியாதாம். "அப்போ உள்ள இருக்கறது நீதான்னு எப்படிம்மா தெரியும்?" என்றேன். "தெரியாதுப்பா. அதான் விஷயமே" என்றாள். "தெரியாம இருக்கறதுக்கு வீட்லயே இருக்கலாமே, எதுக்கு அரங்கம் வரைக்கும் போகணும்?" என்று நான் கேட்டது நியாயமா இல்லையா? உங்கள் தம்பி மனைவி அடுப்படியிலிருந்து, "அவ என்னிக்காவது ஏதாவது கேட்டிருக்காளா? விடுங்களேன்" என்றாள். அவள் அன்றைக்கே கட்சி மாறிவிட்டாள்.

ஆனால் அக்கா, நம் பெண் ஒன்று சொன்னாள். அந்தத் தளபதி நடந்து வந்தால் கூட்டமே இரண்டாகப் பிரிந்து ஒதுங்குமாம். "பஸ்ல, கடையில, எங்க போனாலும் என்னை இடிச்சுக்கிட்டுத்தான்பா போறாங்க. நான் நிக்கறதே யார் கண்ணுக்கும் படல. ஒரே ஒரு நாள், நான் வரும்போது எல்லாரும் வழி விடணும்" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரிப்பைத் தட்டித் தட்டிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதனால்தான் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இன்றுவரை அனுபவிக்கிறேன்.

முதலில் அளவு எடுத்தார்கள். வீட்டில் ஒரு டெய்லர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், கழுத்தில் டேப் தொங்குகிறது, என்னிடம் கேட்க வேண்டாமா? அம்மாவும் பெண்ணும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஏதோ கிழியும் சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளினால், என் பெண் கழுத்திலிருந்து முழங்கால் வரை சாப்பாடு பொதியும் பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்டு, அதன்மேல் பார்சலுக்கு ஒட்டும் டேப் ஒட்டப்பட்டு, கையை விரித்தபடி நிற்கிறாள். அவளை எங்கேயோ அனுப்பப் போகிறார்கள் என்றே நினைத்துவிட்டேன். பிறகு அந்த உறையைக் கத்தரித்து எடுத்து, துண்டு துண்டாகப் பிரித்து, அதுதான் அளவு என்றார்கள். அப்புறம் பசை. செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டுவார்களே, அந்த மஞ்சள் பசை. நானும் உதவி செய்யலாம் என்று தடவிய கையோடு ஒட்டப்போனால், "ஐயோ, காயட்டும்பா! காஞ்சப்புறம்தான் ஒட்டணும்" என்று அலறுகிறாள். காய்ந்த பிறகு ஒட்டுகிற பசையை இந்த வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். நாற்றம் தாங்காமல் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்தோம், கீழ்வீட்டுக்காரர் தம் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டார். பெயின்ட் உரிக்கிற ஹீட் கன்னால் ஃபோமைச் சூடாக்கி, வீட்டிலேயே பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் அமுக்கிப் பிடித்தால் அது தலைக்கவசமாகிவிடுகிறது. அந்தப் பாத்திரம் திரும்பவும் அடுப்பேறவே இல்லை.

இனிமேல்தான் வினை. எல்லாத் துண்டுகளையும் வெட்ட அவளுக்கு நேரம் போதவில்லை. "அப்பா, உங்க கைதான் நடுங்காது. தாள்ல இருக்கற மாதிரியே வெட்டிக் குடுங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். என் பெண் என்னிடம் கேட்ட முதல் உதவி. விடுவேனா? டெய்லர் சாக்பீஸை எடுத்தேன், வரைந்தேன், ஆசைஆசையாக வெட்டினேன். நீங்களே சொல்லுங்கள் அக்கா, பேன்ட் தைத்தே பிழைத்தவன், துணியை வெட்டும்போது தையலுக்கு விடாமல் வெட்டுவானா? ஒவ்வொரு ஓரத்திலும் அரை இஞ்ச் விட்டேன். அதற்கு மேலும், நாளைக்கு உடம்பு பூசினால் பிரித்து விட்டுக்கொள்ளட்டும் என்று இடுப்பிலும் தொடையிலும் தாராளமாக விட்டேன். ஃபோமைத் தைப்பதே இல்லை, விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டிவிடுவார்கள் என்று என்னிடம் யார் சொன்னது? துண்டு ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்கும்போது அழகாகத்தான் இருந்தது. அவளும் பாவம் நம்பி, வளைத்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, காயவைத்து, நேற்றுத்தான் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டிப் பார்த்தாள். அவள் இடப்பக்கம் திரும்பினாள். கவசம் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் உடனே, "இதுக்குப் போய் ஏம்மா கலங்கற? ரெண்டு பக்கமும் பிடிச்சு ஒரு தையல் போட்டா ஆச்சு" என்று தொடைப்பகுதியை மெஷினில் கொடுத்தேன். ஊசி உடைந்தது. மெஷின் ஃபோமைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. பிடித்து இழுத்ததில் பெயின்ட் உரிந்து ஒரு ஓரம் கிழிந்தது. அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பரவால்லப்பா. நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து அந்தக் கிழிசலுக்குப் பசை தடவினாள். காய்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, குனிந்தே இருந்தாள். போட்டி நாளை மறுநாள். மறுபடி வெட்டி ஒட்டிப் பெயின்ட் அடிக்க நேரமில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா.

இதற்குமேல்தான் எனக்குத் தலை சுற்றுகிறது. இன்று காலை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பா, கையைத் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். மார்பு, தோள், தொடை, கால் என்று ஒவ்வொன்றாக என்மேல் மாட்டினாள். எனக்கென்றே வெட்டியதைப் போல் உட்கார்ந்தது! "உள்ள யாருன்னுதான் யாருக்கும் தெரியாதே. நீங்க போங்கப்பா" என்கிறாள். உங்கள் தம்பி மனைவி கைதட்டுகிறாள். நான் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். பேரன் பேத்தி எடுக்கிற வயதில், ஊர் முன்னால் ஏழு நிலவுத் தளபதியாக நிற்கவா? என் கஸ்டமர் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்? ஆகையால் அக்கா, இந்தக் கடிதம் கண்டதும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, அத்தை என்ற முறையில் அவளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி, இந்தப் பித்தைத் தெளியவைத்து, உங்கள் தம்பியின் மானத்தைக் காப்பாற்றும்படி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு எங்கள் அன்பு. உங்கள் ஆசி எங்கள் மூவர்மேலும், முக்கியமாக என்மேல், எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
என்ன செய்வதென்று அறியாத
உங்கள் தம்பி

பி.கு.: இந்தக் கடிதத்தைக் கவசத்தின் பாக்கெட்டில் வைத்தேன், தபாலில் போட மறந்துவிட்டேன். ஆமாம், வலது தொடையில் ஒரு பாக்கெட் வைத்தேன், அது இல்லாமல் என் கை எதையும் முடிக்காது. போட்டி நேற்று நடந்து முடிந்தது. மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் போனேன். போட்டியன்று காலையில் அவள் அந்தக் கவசத்தைப் பழைய துணி போட்டு மூடுவதைப் பார்த்தேன், அவ்வளவுதான், கையைத் தூக்கிவிட்டேன். அரங்கத்தில் மூச்சு விட்ட மாத்திரத்தில் தலைக்கவசக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதுவுமே தெரியவில்லை. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். முதலில் கிளினிக் குரலில், "கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். யாரும் நகரவில்லை, நான் யார்மீதோ மோதினேன். அப்புறம் ஒரு குரல் வந்தது பாருங்கள். "தளபதி வர்றாரு, வழி விடுங்க!" நம் வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணிடம் அப்படி ஒரு குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நான் பார்க்கவில்லை அக்கா, ஆனால் காலடிச் சத்தம் இரண்டு பக்கமும் ஒதுங்குவது நன்றாகக் கேட்டது. மேடையில் மைக்கை என்னிடம் நீட்டினார்களாம். "தளபதி பேச மாட்டாரு. அவருக்காக நான்தான் பேசுவேன்" என்று வாங்கிக்கொண்டு, போதும் போதும் என்று அவர்களே திரும்பக் கேட்கும்வரை பேசினாள். பரிசு கிடைக்கவில்லை, தளபதிக்குப் பாக்கெட் கிடையாதாம். மாமாவின் முழங்கால் சுற்றளவை எடுத்து அனுப்புங்கள், மிச்ச ஃபோமில் ஒரு கவசம் செய்து தருகிறேன், இந்தத் தடவை ஓரத்தில் ஒரு நூல் அளவுகூடக் கூடுதலாக விட மாட்டேன். நீங்களும் கட்டாயம் வாருங்கள். பஸ் நிலையத்துக்கு உங்கள் மருமகளே வருவாள். கூட்டத்தில் அவளைத் தேட வேண்டாம், அவள் வருவது உங்களுக்குக் கேட்கும்.