லாரிக்காரர் களை எடுத்த கதை

பண்ணையக்கா தண்ணீர் லாரிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி பதினாலாயிரத்து அறுநூற்றைம்பது. மூன்று மாதக் கணக்கு. இன்றைக்குள் வராவிட்டால் நாளை முதல் லாரி வராது என்று அவர் போனிலேயே சொல்லிவிட்டார். தண்ணீர் நின்றால் பண்ணை சருகாகிவிடும்.

இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிக் கிடந்த மனை அது. மண்ணில் கிடந்த கண்ணாடிச் சில்லைச் சலித்து எடுக்கவே அக்காவுக்கு முதல் வருஷம் போதவில்லை. மூட்டை உரமும் விஷ மருந்தும் இல்லாமல் அதில் கீரையும் காயும் எழுப்பினாள். வேலை போனவர்களைத் தேடிப் பிடித்துக் கூலி கொடுத்தாள். வாரம் இரண்டு நாள் வாசலில் கீரை, காய் வாங்க வரிசை. இருப்பவர் உண்டியலில் போடலாம், இல்லாதவர் பேசாமல் எடுத்துப் போகலாம். யார் போட்டார் என்று எட்டிப் பார்க்கக் கூடாது. அதனாலேயே அந்த உண்டியல் ஒருநாளும் சதை போட்டதில்லை.

வாசலில் லாரிச் சத்தம் கேட்டது.

"நான் இல்லைன்னு சொல்லிடுடா" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு அக்கா எருக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டாள். பக்கத்து அடுக்குமாடியில் கேமரா வைத்ததும் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன் அவன். இங்கே பாத்திக்குக் காவல்.

"அக்கா இல்லீங்கண்ணே."

"வரட்டும். காசு வாங்காம நகர மாட்டேன். இங்கயே உக்காந்திருக்கேன்."

"தாராளமா இருங்க. ஆனா உக்கார முடியாது."

"ஏன்யா?"

"உள்ள வந்தவங்க கையைச் சும்மா வச்சிருக்கக் கூடாது, இங்க அதான் வழக்கம். போன வாரம் வந்த இன்ஸ்பெக்டரே வெண்டைக்கு மண் அணைச்சுட்டுத்தான் போனாரு. அந்தப் பாத்தியில களை எடுங்க, பொழுது போறதே தெரியாது."

லாரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பேன்ட்டை மடித்துவிட்டுக் குந்தினார்.

கொட்டகை ஓட்டை வழியே அக்கா பார்த்தாள். மனுஷன் வேலையில் சுத்தம், வேரோடு பிடுங்கினார். பிடுங்கியது முழுக்கக் கேரட், விட்டுவைத்தது முழுக்கக் களை. விரல் பருமன்கூட வராத பிஞ்சு. ஓட்டல்காரர் ஒருவர் சொல்லி வைத்திருந்த பாத்தி. அதை விற்றுத்தான் இவர் பாக்கியையே தீர்க்க நினைத்திருந்தாள்.

ஒரு வரிசை போனது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்த வரிசையில் அவர் கை வைத்ததும் தாங்கவில்லை.

"யோவ், அது கேரட்டுய்யா!"

தலையெல்லாம் சாணித் தூளோடு வந்து நின்றவளை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இல்லைன்னாங்களே?"

"இப்பத்தான் வந்தேன்."

"எங்கருந்து, எருவுக்குள்ளருந்தா?"

வாட்ச்மேன் சமாளிக்க ஓடி வந்தான். "கோவிச்சுக்காதீங்கண்ணே. அக்காகிட்ட காசு எப்படி நிக்கும்? விளைஞ்சதுல பாதியைச் சும்மா குடுத்துடுறாங்கள்ல?"

"சும்மாவா! என் தண்ணியில வளர்த்தா?"

வாசலில் கூடைகளோடு வரிசை சேர்ந்திருந்தது. லாரிக்காரர் நேரே அங்கே போய்க் கையை ஓங்கினார். அக்கா குறுக்கே விழுந்தாள்.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. பாக்கி என்னோடது. இந்தாங்க, என் ஸ்கூட்டர் சாவி. வித்து எடுத்துக்கங்க."

"உன் ஓட்டை வண்டியை எவன் வாங்குவான்? தின்னது யாரோ, அந்த ஆள் கட்டட்டும்! அப்புறம் உன்கிட்ட ஒத்தைக் காசு கேக்க மாட்டேன். சத்தியம்!"

வரிசையில் எல்லோரும் தலை குனிந்தார்கள். கடைசியில் குடையை முகத்துக்குத் தாழ்த்திப் பிடித்திருந்த ஒரு பெண் மட்டும் முன்னால் வந்தாள். நிதானமாகக் குடையை மடக்கினாள்.

"அப்ப நீங்கதான் கட்டணும். வீட்டுச் செலவுக்குக் கேக்குறப்பல்லாம் 'பண்ணைப் பாக்கி வரட்டும்'னு என்னை விரட்டுனீங்கல்ல? மூணு மாசமா நீங்க ருசியா இருக்குன்னு மறுபடி கேட்டு வாங்கித் தின்னதெல்லாம் இந்தக் கீரைதான்!"