கிளாரன்ஸ் வைத்த ராணி

கிளாரன்ஸின் ராணி, ராஜப்பாவின் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் வந்து நின்றிருந்தது. காவலுக்கு ஒரு காய்கூட இல்லை.

"இன்னாடா இது!" என்றார் ராஜப்பா.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், உள்ளே இறங்குகிறவர்களுக்கு விளக்குக் கொடுக்கும் லேம்ப் ரூமில் கிளப் செஸ் ஃபைனல் நடந்துகொண்டிருந்தது. ராஜப்பா பகல் ஷிப்ட், கிளாரன்ஸ் நைட் ஷிப்ட். சேர்ந்து உட்கார வழியில்லை. அதனால் ஷிப்டுக்கு வருகிறவர் ஒரு காயை நகர்த்திவிட்டுப் போவார். கப்பு வருஷக்கணக்காக ராஜப்பா வீட்டு டி.வி. மேல்தான் இருக்கிறது. அதை விடுவதற்குப் பதில் சம்பளத்தை விட்டுவிடலாம் என்பது அவர் கட்சி.

"வெட்டிடுண்ணா, ஓசி ராணி," என்றான் கூட வேலை செய்யும் திலீப்.

"போடா! கிளாரன்ஸ் சும்மா குடுக்கற ஆளா? உள்ள ஏதோ வலை வெச்சிருக்கான்."

ராணியைத் தொடாமல் குதிரையைப் பின்னால் இழுத்தார்.

"ராத்திரி பர்ஸ்ட்டு இன்னா குலுக்கு குலுக்குச்சுபா!" என்றபடி, லேம்ப் ரூம் பெருக்கும் பார்வதம்மா உதிர்ந்த சுண்ணாம்பைக் கூட்டினாள். பூமிக்கடியில் ‘பர்ஸ்ட்’ ஆகிப் பாறை வெடித்தால் மேலே கட்டடமெல்லாம் ஆடும். அங்கே அது ஒரு சேதியே இல்லை. ராஜப்பா காதில் வாங்கவில்லை.

மறுநாள் கிளாரன்ஸின் யானை, ராஜப்பாவின் ராஜாவுக்கு ரெண்டு கட்டம் தள்ளி நின்றது. இது எந்த வழியாக வந்தது? முந்தின நாள் பலகையே தனக்குச் சரியாக ஞாபகமில்லையோ?

"வயசாயிடுச்சாடா எனக்கு?"

பயந்துபோய் ராஜாவை மூலைக்குத் தள்ளினார். அடுத்த நாள் எதிரிக் குதிரை அந்த மூலைப் பக்கமே வந்து நின்றது. சிப்பாயை நகர்த்தினார். அது எதிரி ராணிக்கு வழி திறந்துவிட்டது. வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த காலை ராணி அவர் ராஜாவை ஒட்டி நின்றது, துணைக்குக் குதிரை. செக்மேட்!

அதற்கடுத்த நாள் கப்பைத் துணிப்பையில் போட்டு எடுத்துவந்தார். லேம்ப் ரூம் வாசலில் கிளாரன்ஸ் பெட்டியும் கையுமாக நின்றான்.

"நீ ஜெயிச்சுட்டேப்பா. இப்பேர்ப்பட்ட ஆட்டம் நான் ஜென்மத்துல பாத்ததில்ல. அந்த ராணிய வெச்சே பாரு..." ராஜப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளாரன்ஸ் திருதிருவென்று விழித்தான்.

"எந்த ராணி? கோச்சுக்காதண்ணா, மாமியாருக்கு ஒடம்பு முடியலன்னு போன வாரமே வேலூருக்குப் போயிட்டேன். என் மூவ் பாக்கி இருக்குதேன்னு பஸ்ஸ எறங்கி நேரா வர்றேன்."

இருவரும் பலகையைப் பார்த்தார்கள். பார்வதம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தக் காயிங்களா? பர்ஸ்ட்டுல தெனம் ஒண்ணு உருண்டு கீழ உழுந்துடுதுபா. காலியா இருக்கற கட்டமா பாத்து நான்தான் எடுத்து வெச்சேன். அப்ப கப்பு எனக்குத்தான?"