உப்புக்குப்பிக்கு முன்னால் யாருமில்லை

தோற்ற ஆட்டத்தைச் சாப்பாட்டு மேஜையில் ஜெயித்துக் காட்டும் ஒரு ஜீவராசி உலகில் உண்டு. ஒஹையோவில் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் டெல்பர்ட்.

காப்பீட்டுக் கம்பெனியில் ஓய்வு பெற்றவர், இளமையில் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடியவர், அதை இன்றுவரை ஆடிக்கொண்டிருப்பவர், வெள்ளிக்கிழமை பள்ளி அணி தோற்றால் சனிக்கிழமை காலை உணவுக் கடையில் முட்டைத் தட்டை ஒதுக்கிவிட்டு மேஜையையே மைதானமாக்கிவிடுபவர். உப்புக்குப்பி பந்து வீசுபவன். கெட்சப் பாட்டில் தூரத்தில் ஓடிப் பிடிப்பவன். மிளகுக்குப்பி எதிரி. கெட்சப் ஓடும், உப்பு வீசும், மிளகு ஏமாறும். இந்த மேஜையில் அவர் என்றாவது தோற்றிருக்கிறாரா? கிடையாது.

போன வருடம் எங்கள் பையன்களின் நீண்ட வீச்சுக்கு மாவட்டமே நடுங்கியது. இந்த வருடம் பந்து பக்கத்திலேயே விழுகிறது. காரணம்? டெல்பர்ட்டைக் கேளுங்கள்.

“கை! வீசுற பையன் கார்பினுக்குக் கை போச்சுப்பா. நீளமா வீசுடா, நீளமா வீசுடான்னு தொண்டை கிழியக் கத்துறேன், கேட்டாத்தானே? பெஞ்சுல உக்கார வைங்க.”

அணியின் ஆதரவாளர் சங்கத்துத் தலைவரே அவர்தான். சங்கம் சொன்னால் பயிற்சியாளர் தட்டமாட்டார்.

பக்கத்து மேஜையில் இருந்தாள் ஜோலென். கார்பினின் அம்மா, பாலம் கட்டும் பொறியாளர். வீசுபவனுக்கு முன்னால் நின்று எதிரியைத் தடுக்கும் ஐந்து பையன்களுக்கு இத்தனை வருடம் பயிற்சி கொடுத்தது அவள் அப்பா ஆர்வில். ஆகஸ்டில் காலமாகிவிட்டார். சம்பளமில்லாத வேலை. அதனால் அது ஒரு வேலை என்றே யாருக்கும் தோன்றவில்லை. இடம் காலி.

அவள் எழுந்து வந்தாள்.

“டெல்பர்ட் மாமா, முன்னால நிக்கிற அஞ்சு பேர் எங்க?”

“எந்த அஞ்சு பேரும்மா?”

ஐந்து சர்க்கரைப் பொட்டலங்களை உப்புக்கு முன்னால் வரிசையாக வைத்தாள்.

“கெட்சப் அவ்வளவு தூரம் ஓட மூணு விநாடி வேணும். அதுக்குள்ள இவங்களைத் தள்ளிட்டு மிளகு வந்துடுது.” உப்புக்குப்பியைச் சாய்த்தாள். “படுத்துக்கிட்டா வீசுவான் என் பையன்? இவங்களுக்குக் காலை எங்க ஊணணும்னு சொல்லித்தர ஒரு ஆளைப் போடுங்க. அதுவரைக்கும் ஓடுறவன் ஒருத்தனை உப்புப் பக்கத்துலயே காவலுக்கு நிறுத்துங்க. அப்பா இருந்தப்போ…”

மேஜையைச் சுற்றியிருந்த சங்கத்தாரில் ஒருவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

“ஆர்வில் தங்கமான மனுஷன். அடக்கத்துல நான் அழுதேன்மா,” என்றார் டெல்பர்ட். பொய்யில்லை, அழுதார். பிறகு பொட்டலங்களை ஆழ்ந்து பார்த்தார், நடுவில் இருந்ததை எடுத்தார், கிழித்தார், காப்பியில் கொட்டிக் கலக்கினார்.

“இருந்தாலும், கை போச்சு.”

அதை ஆமோதித்து மேஜையைச் சுற்றி எல்லாக் கைகளும் உயர்ந்தன. மிச்சம் நான்கு பொட்டலங்களை ஜோலென் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கார்பின் பெஞ்சில். புதுப் பையன் வீசினான், படுத்தபடி. சனிக்கிழமை கடையில் தீர்ப்பு: “இவனுக்கும் கை சரியில்லப்பா!”

சிரிக்கிறீர்கள். உங்களுக்கு இந்த ஆட்டமே தெரியாது, தெரியவும் வேண்டாம். உங்கள் அலுவலகத்திலோ வீட்டிலோ சில மாதங்களாக ஏதோ ஒன்று தூரம் போகாமல் விழுந்துகொண்டிருக்குமே, வீசுகிறவனைத்தானே திட்டுகிறீர்கள்? அதற்குச் சற்று முன்பு யார் இல்லாமல் போனார் என்று யோசித்தீர்களா?

போகட்டும். காப்பி இனிக்கிறதா?