முப்பது வருஷம் காட்டில் அலைந்த கிரீடம்

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் என்றால் 'அன்புள்ள' என்று போட்டாக வேண்டுமாம், போட்டிருக்கிறேன். அதற்காக நீ ரொம்ப உருக வேண்டாம். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். உன் நலத்தை விசாரிக்கும் உத்தேசம் இல்லை. போனில் திட்டினால் நீ சிரிப்பாய், எனக்கும் சிரிப்பு வந்து தொலைக்கும். அதனால் இன்றைக்கே உன் ஊருக்கு வண்டி ஓட்டிப் போகிற பக்கத்து வீட்டு டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மருமகளுக்கு, அதான் என் மகளுக்கு, பள்ளி நாடகத்தில் நாட்டைப் பறிகொடுத்த ராஜா வேஷம் என்று உனக்கே தெரியும். வாடகைக் கடையில் கிரீடம் எடுத்தோம். நாடக வாத்தியாரம்மா பார்த்ததும், "முப்பது வருஷம் காட்டுல அலைஞ்சவன் கிரீடமா இது? கண்ணு கூசுது. பழசாக்கிக் கொண்டு வா, இல்லேன்னா ஓரமா மரமா நில்லு" என்று சொல்லிவிட்டார். கடைக்காரரோ, கொடுத்த பளபளப்போடு திரும்பி வரணும் என்கிறார். ரெண்டுக்கும் நடுவில், ஓவியம் வரைகிறவனாச்சே என்று உன்னைக் கேட்டேன் பார், என் புத்தியை எதால் அடிக்க? "வாட்டர் கலர்ல ரெண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டுத் தடவி, துணியால ஒத்தி எடுங்க மாமா, பள்ளத்துல மட்டும் கறுப்பு நிக்கும். அப்புறம் தண்ணியில காட்டினா போயிடும்"னு சொன்னே. தண்ணியில போறது வேர்வையில போகாதா? எட்டாங்கிளாஸ் படிச்ச எனக்கே அது தோணுது. அதனால ஷூ பாலிஷ் தடவினேன். நீ அதைச் சொல்லலைதான். ஆனா தடவாதீங்கன்னும் சொல்லலையே! அளவு பார்க்க என் வழுக்கையில வச்சேன், சுத்தி கறுப்பு வளையம். உன் அக்கா பார்த்துட்டு, "பானை மூடி மாதிரி இருக்கீங்க"ங்கறா.

இன்னைக்கு ஒத்திகை. மேடை விளக்குச் சூட்டுல பாலிஷ் உருகி, குழந்தை முகமெல்லாம் கறுப்பா வழியுது! பின்வரிசையில ஒருத்தன் சிரிச்சான். எனக்குப் பொறுக்கலை. வாத்தியாரம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள மேடையேறி, கிரீடத்தைப் பிடுங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். எண்ணெய் விட்டுத் துடைச்சு, சோப்பு போட்டுத் தேய்ச்சு, இப்போ கடையில எடுத்தப்போ இருந்ததைவிட ஜொலிக்குது. நாளைக்கு என் பொண்ணு மரமா நிக்கப் போறா. அவ அழறதைப் பார்க்க வேண்டியது நான். எல்லாம் உன்னால. இனி என் வாசப்படி மிதிக்காதே.

குழந்தைகளுக்கு என் ஆசி. உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மகள் ஒத்திகை முடிந்து வந்துவிட்டாள். முகத்தில் வழிந்த கறுப்பைப் பார்த்து வாத்தியாரம்மா, "இதுதாண்டி முப்பது வருஷக் காடு! நாளைக்கும் அச்சு அசலா இப்படியே வா" என்றாராம். ஜொலிக்கிற கிரீடத்தைப் பார்த்துட்டு அவ தலையில அடிச்சுக்கிட்டா. மச்சான், மேலே எழுதினதைப் படிக்காதே, உடனே புறப்பட்டு வா. தலையில இருக்கிற கறுப்பு வளையத்தைக் கழுவப் போன என்னை அவதான் தடுத்து உட்கார வச்சிருக்கா: "அசையாதேப்பா, மாமா வந்து பார்த்துத் தடவ மிச்சம் இருக்கிற சாம்பிள் அது ஒண்ணுதான்!"