நாக்கால் படித்த பட்டு

பழைய பட்டுச்சேலை நாட்டுக்குச் சொந்தமா, அதை உடுத்தியவளின் வீட்டுக்குச் சொந்தமா? சுதந்திரம் கிடைத்த புதிதில், பட்டம் பெற்று ஊர் திரும்பிய என்னிடம் இக்கேள்விக்கு உடனடி விடை இருந்தது. அதைக் கெடுத்தவர் ஜரிகை அண்ணாச்சி.

சங்கரன்கோவிலில் கோபுரக் கலசத்தைத் தவிர, அவர் நக்கிப் பார்க்காத பழம்பொருள் கிடையாது. பழைய பட்டை வாங்கி எரித்து, ஜரிகையிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பது அவர் தொழில். ஆனால் எரிப்பதற்கு முன் ஒவ்வொரு சேலையையும் கண்ணால் அளந்து, மூக்கால் முகர்ந்து, நாக்கு நுனியால் தொட்டு, அதன் சரித்திரத்தைச் சொல்வார். சொன்னபின் எரிக்க மனம் வராமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருடைய அடுப்பில் பூனை குட்டி போட்டிருந்தது.

ஒருமுறை கரிவலம்வந்தநல்லூர்ப் பெண்ணொருத்தி கொண்டுவந்த சேலையை நாவில் வைத்ததும் அவர் கண்கள் கலங்கின.

"ஏட்டி, இத உடுத்தவ ரொம்பக் கோவக்காரிட்டி! நெருப்புல்லா!"

"அது மொளகா வத்தல் மூடைமேல கெடந்துச்சு, அண்ணாச்சி."

அன்று முழுவதும் அவர் மோரிலேயே உயிர் வாழ்ந்தார்.

இத்தகையவரிடம் எங்கள் வீட்டுப் பட்டைக் காட்டியது, சாட்சிக்காக மட்டுமே. தாய்வழியாகப் பல தலைமுறை கடந்து என் அம்மாவிடம் வந்த சேலை அது. எனக்கு நான்கு வயதாகும்போது அம்மா இறந்துவிட்டார், முகம் நினைவில்லை. படமும் இல்லை. சேலையின் முந்தானை மூலையில் செம்பழுப்பாக ஒரு கறை. பாளையக்காரர் போரில் சிந்திய குருதி அது என்று பதினோரு பக்கக் கட்டுரை எழுதியிருந்தேன். சேலையையும் கட்டுரையையும் மறுநாள் சென்னையிலுள்ள ஓர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப் பெட்டியும் தயார். பொதுமக்கள் பயன்பெற வேண்டுமல்லவா? போனால் திரும்பாது என்பதை அறிந்தே இருந்தேன்.

அண்ணாச்சி கறையை நக்கினார். பிறகு சேலையின் இடுப்புப் பக்கத்தைப் புரட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன வே பி.ஏ., சண்டைக்குப் போனவன் சேலையா கட்டிட்டுப் போனான்?"

"அடிபட்டவருக்குக் கட்டுப் போட்டிருக்கலாம், அண்ணாச்சி."

"கட்டாவது, கத்தியாவது! நம்ம கோவில் புத்துமண்ணு வே இது. சுத்திச் சுருக்கம் நிக்கு பாரும். மண்ண வச்சு முடிஞ்சு முடிஞ்சு அவுத்திருக்கா. இடுப்புல இங்கன மட்டும் இழை தேஞ்சிருக்கு. புள்ளையத் தூக்கிட்டே நடந்திருக்கா. எந்தப் புள்ளைக்கு வே சொகமில்ல?"

வீடு திரும்பி அப்பாவிடம் கேட்டேன். அவர் சேலையைப் பார்க்காமலேயே சொன்னார்.

"ஒனக்குத்தாம்ல. மூணு வயசுல ஒடம்பெல்லாம் செரங்கு. கோவிலுக்குக் கட்ட அவகிட்ட இருந்தது இந்த ஒத்தப் பட்டுதான். பூசுனா ஆறும்னு நாப்பத்தெட்டு நாளும் புத்துமண்ணு எடுக்கப் போனா. ஒன்ன எறக்கியே விடல."

பெட்டி சென்னைக்குப் போகவில்லை. கட்டுரை, அண்ணாச்சி வீட்டுப் பூனைக்குட்டிகளுக்கு மெத்தையாயிற்று.

அண்ணாச்சி போய்ப் பல ஆண்டுகளாகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சேலையைக் காற்றாட விரிக்கும்போது, வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த மூலையை நானும் நாக்கால் தொட்டுப் பார்க்கிறேன்.