ஒரு சேவலுக்கு எட்டு மூணுதரம்

கர்த்தருக்குள் அன்பான தம்பி ஜேசுராஜுக்கு, அல்லிநகரத்திலிருந்து அக்கா ஜெபஷீலா எழுதுவது. முழங்கால் வலி தவிர மற்றபடி தேவகிருபையில் சுகம். அங்கேயும் சுகமுண்டாக ஜெபிக்கிறேன்.

இப்ப விசயத்துக்கு வாரேன். இங்க என் வீட்டுல தங்கியிருக்கிற உன் மகன் கிங்ஸ்லி செஞ்ச வேலையில எனக்கு இன்னும் படபடப்பு அடங்கல. அவனுக்கு வேலை கிடைச்சா சேவல் தாரேன்னு நேர்ந்திருந்தேன்ல, அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக் குடுத்தேன். காணிக்கைப் பொருளை ஏலம் விடுறப்ப நேர்ந்தவுகளே திருப்பி எடுத்தா வீட்டுக்கு ஆசீர்வாதம்னு, மத்தவுக ரெண்டு தடவ கேட்டுட்டு முகத்தப் பாத்து விட்டுக்குடுப்பாக. இதானே நம்ம சபை வழக்கம்? இவன், வெளியூர்ச் சொந்தக்காரங்களும் கேக்கட்டும்னு ஏலத்தை போன்ல, கம்ப்யூட்டர்ல ஏத்திட்டான். ஆளாளுக்கு விலை சொல்லிக் கேக்குற கேள்வி வாய்க்காத் தண்ணி மாதிரி ஓடி வருமாம், கம்ப்யூட்டருக்குள்ள எட்டு ஆளு ஒரே நேரத்துல வாங்கிப் போட்டா வேகமாம், அதுக்குப் பேரு பேரலலிசமாம். ஒரு ஆளு வாங்குனது இன்னொரு ஆளுக்குத் தெரியாதாம். தெரியாம எட்டும் தனித்தனியா மூணுதரம் சொல்லி முடிச்சிருச்சு தம்பி. ஒரு சேவலுக்கு எட்டு வீடு, அதுல நானும் ஒருத்தி. மத்த ஏழு வீட்டாரும் பையோட நிக்கிறாக. மசாலா அரைச்சாச்சுன்னு சாராள் மதினி சொல்றாக. எனக்கு உசுரே இல்ல.

"எட்டை ஒண்ணாக்கிட்டா சரியாயிரும் அத்தை"ன்னான். மிச்சப் பொருளுக்கு ஆக்குனான். அம்புட்டுக் கேள்வியும் அந்த ஒத்தை ஆளு முன்னாடி முட்டிக்கிட்டு நிக்க, எல்லாம் முடிஞ்சு போதகரய்யா கண்ண மூடி ஆசீர்வாதம் கூறுறப்ப ஸ்பீக்கர்ல "பூசணிக்கா, ரெண்டாந்தரம்"னு வருது. ஐயா கண்ணத் தொறந்து என்னையப் பாத்தாக. நான் முக்காட்டை இழுத்துக்கிட்டேன்.

மறுநாள் பூரா நோண்டிட்டு, எட்டு ஆளு இருக்கலாம், ஆனா ஒரு பொருளுக்கு வர்ற கேள்வியெல்லாம் ஒரே ஆளுகிட்டதான் போகணும், அதச் சொல்ல மறந்துட்டேங்குறான். இவனுக்குச் சம்பளம் வேற குடுக்குறாக. எல்லா வீட்டாரும் ஒத்துக்கிட்டு, இன்னிக்குச் சாயங்காலம் சேவலுக்கு மறு ஏலம். அதுவும் போன்லதான். முகம் பாக்காத ஏலத்துல யாரு எனக்கு விட்டுக்குடுப்பா? காணிக்கைச் சேவலு கொழம்பாகப் போகுது. நீ உடனே வந்து உன் மகனைக் கூட்டிட்டுப் போ. எங்கூடப் போட்டி போடுறவுகளைக் கர்த்தர் கேக்கட்டும்.

உன் வீட்டுக் களஞ்சியம் குறையாமல் அவர் காப்பாராக.

அக்கா ஜெபஷீலா

பின்குறிப்பு: மறு ஏலம் முடிஞ்சது. இந்தத் தடவ சேவலை எடுத்தவுகன்னு ஒரே பேருதான் வந்தது. உன் பேரு. அக்காவுக்காகத்தான் கேட்டேன்னு கிங்ஸ்லிகிட்டச் சொன்னியாமே. ஏலே, கடைசி வரைக்கும் உன்கூட ஏத்திக்கிட்டே போனது நாந்தான். கர்த்தர்கிட்டச் சொன்னதை இப்பவே முழங்கால் போட்டு வாபஸ் வாங்கிட்டேன். மகன் இங்கனயே இருக்கட்டும். நீ வர வேண்டாம், பணத்தை மட்டும் அனுப்பு.